கருவியா, கைத்திறனா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் பழமொழி. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கட்சியைச் சேர்ந்தவை என்பதை நேயர்கள் உணர்வார்கள். புகைப்படக் கலையைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் இவ்விரு பழமொழிகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, காமிராவில் என்ன இருக்கிறது, எடுப்பவர் கையிலன்றோ எல்லாம் இருக்கிறது என்று தீர்ப்புக் கூறிவிடுவது வழக்கமாகிவிட்டது. எதிர்க்கட்சியினர் அதிகம் வாதாடுவதில்லை. அவர்கள் கடைக்குச் சென்று, முன்னதைவிட விலையுயர்ந்த காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இவ்வழக்கைத் தீர்க்கச் சரித்திரத்தைத் துணைக்கு அழைக்கலாம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. டெலானிபூரில் வானொலி நிலையம் இருக்கும் இடத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில், பீனிக்ஸ் பே பகுதியில், இந்திய மானிடவியல் அளவாய்வுத் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வில், அம்பு, கூடை, தோணி என்று இத்தீவுகளின் பழங்குடி மக்கள் கையாண்ட பொருள்களை அங்கே காணலாம். அப்பொருள்களைக் கையாண்ட மனிதர்களின் முகங்களை உலகம் அறிந்தது புகைப்படங்களால். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரம் தோன்றுவதற்கு முன்பே காமிரா இத்தீவுகளுக்கு வந்துவிட்டது. குடியேற்றத்திற்கு முன் காமிரா வந்த ஊர்கள் நம் நாட்டில் அதிகம் இரா.

1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின், சிறைப்பட்டோரை எங்கே அனுப்புவது என்ற பிரச்சினை கல்கத்தா அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. அந்தமான் தீவுகளைப் பார்வையிட்டுத் தக்க இடம் தேர்ந்து சொல்லும்படி டாக்டர் பிரடரிக் மௌவாட் தலைமையில் மூவர் கொண்ட குழு ஒன்று அவ்வாண்டின் இறுதியில் அனுப்பப்பட்டது. புளூட்டோ என்னும் நீராவிக் கப்பலில் சென்ற அக்குழுவுடன், கல்கத்தாவிலிருந்த ஆஸ்கார் மாலிட் என்ற பிரெஞ்சுக்காரர் புகைப்படக்காரராக உடன் சென்றார்.

அதே மாதங்களில் நம் தமிழ்நாட்டில் மற்றொரு புகைப்படக்காரர் மாட்டு வண்டிகளில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் லினேயஸ் டிரைப். சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1856-இல் நியமனம் பெற்ற இராணுவ அதிகாரி அவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்துக்கொண்டு, 1858-இன் கோடையில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். மாலிட்டையும் டிரைப்பையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் நம் வழக்கின் பாதி விளங்கிவிடும்.

அக்காலத்தில் படமெடுக்க இருவழிகள் இருந்தன. 1851-இல் பிரடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட கொலோடியன் முறை புதியது. கண்ணாடித் தட்டின்மீது கொலோடியன் என்னும் பிசுபிசுத்த திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படமெடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரத்துக்கு மேல் அவகாசமில்லை. எனவே படக்காரர் செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரம் ஒன்றும் உடன் செல்லும். அத்தனை தொல்லைக்கும் கைம்மாறாக, படம் மயிரிழை தெரியுமளவு துல்லியமாக விழும். சில விநாடிகளில் விழுந்தும் விடும். கல்கத்தாவின் தொழில்முறைப் படக்காரர்கள் இம்முறையையே விரும்பியதில் வியப்பில்லை.

மெழுகு தடவிய காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் முறை மற்றொன்று. அக்காகிதத்தை முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொள்ளலாம். உலர்ந்த நிலையிலேயே படமெடுக்கலாம். சில நாள் கழித்துக் கழுவினாலும் கெடாது. ஆனால் அது மிகவும் மந்தமானது. நல்ல வெயிலிலும் பல நிமிஷங்கள் காமிராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காற்றில் அசையும் தென்னங்கீற்று அதில் வெறும் மங்கலாகத்தான் விழும். தெருவில் நடந்து செல்பவர் விழவே மாட்டார்.

இரண்டு முறைகளையும் அறிந்திருந்த டிரைப், தம் பெரிய படங்கள் பலவற்றுக்குக் காகித முறையையே தேர்ந்துகொண்டார். அவர் எடுக்கப் போனவை கற்கோயில்கள். கல் அசையாது. வெப்பத்தில் வண்டிப் பாதையில் பல நூறு மைல் செல்கிறவருக்குக் கண்ணாடியின் பாரமும், கால்மணி நேர அவசரமும், உடையும் அபாயமும் வீண் சுமை. இங்கேதான் நம் பழமொழிகள் காலை வாருகின்றன. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாகலாம். ஆனால் எந்தப் புல்லை எடுப்பது என்று அறிவதே வல்லமையின் முதற்பகுதி. கருவியைத் தேர்தல் வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பேசுபவர்கள் டிரைப்பின் பெட்டிகளைத் திறந்து பார்த்ததில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஸ்ரீ விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அப்படியே படியெடுக்க அவர் எண்ணினார். எந்தக் காமிராவும் அவ்வளவு நீளத்தை ஒரே பார்வையில் அடக்காது. ஆகவே சுவரை ஒட்டிக் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 நெகடிவ்களாக எடுத்து, அவற்றின் பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு முறையும் சுவருக்கும் காமிராவுக்கும் இடையிலுள்ள தூரம் மாறக் கூடாது. உயரம் மாறக் கூடாது. ஒளி மாறக் கூடாது. நிழலின் போக்கை அறிந்தவரே இதைச் செய்ய முடியும். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து அச்சில் வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே அவை படத்தில் ஏறிவிட்டன. டிரைப்பின் காகிதத்தில் வானம் சரியாக விழாது. அந்தக் குறையை மறைக்க அவர் நெகடிவின்மீது தூரிகையால் மேகங்களைத் தீட்டியதும் உண்டு. கருவியின் குறையைக் கை நிரப்பியது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. இத்தனைக்கும் பின், 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படம் அரசாங்கத்துக்கு ஓர் ஆடம்பரம் என்று கருதி அந்த உத்தியோகத்தையே நிறுத்திவிட்டார். சிக்கனத்தின் பெயரால் நடந்த காரியங்களில் இது மிகவும் வருந்தத்தக்க ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்தமானுக்குத் திரும்புவோம். மௌவாட் குழு சென்ற தீவுகளில் கல் கோயில்கள் இல்லை. காட்டின் விளிம்பில், வந்தவர்களை நம்பாத மனிதர்கள் வில்லேந்தி நின்றார்கள். அங்கே கொலோடியன் முறை என்ன செய்யும்? கூடாரம் அடித்து, முக்காலி நிறுத்தி, தட்டைத் தோய்த்து, எதிரே நிற்பவரைச் சில விநாடி அசையாதிருக்கச் சொல்ல வேண்டும். அம்பு பறக்கும் கடற்கரையில் அதற்கு இடமேது! குழுவினருக்கும் தீவினருக்கும் கைகலப்பு நேர்ந்தது. அதன் முடிவில் தீவினர் ஒருவர் பிடிக்கப்பட்டார். கப்பலிலிருந்தோர் அவருக்கு "ஜாக்" என்று பெயரிட்டார்கள். அவர் கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே மாலிட்டின் காமிரா முன் நிறுத்தப்பட்டார். சில நாளில் நோயுற்ற அவரைத் திரும்பக் கொண்டுவந்து, பிடித்த தீவிலேயே விட்டுச் சென்றார்கள். அதன் பிறகு அவரைப் பற்றிய செய்தி இல்லை.

தீவில் எடுக்க முடியாத படம், நகரத்தில் எடுக்கப்பட்டது. கருவி மனிதனிடம் செல்ல முடியவில்லை. மனிதன் கருவியிடம் கொண்டுவரப்பட்டான். அக்காலக் காமிராவின் பாரத்தையும் மந்தத்தையும் பற்றிப் பேசும்போது, அந்தப் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

1858 மார்ச் 10-ஆம் தேதி சுமார் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிற்று. பின்னர் வந்த அதிகாரிகளில் பலரும் காமிரா பிடித்தார்கள். 1869-இல் வந்த ஈ. எச். மேன் அவர்களில் குறிப்பிடத்தக்கவர். தீவினரின் மொழியைக் கற்று அகராதி தொகுத்தவர். ஆயினும் நம் வழக்குக்கு முக்கிய சாட்சி மற்றொருவர். 1879-இல், இருபது வயது நிரம்பாத இளைஞராக, இங்கே வந்து சேர்ந்த மாரிஸ் விடால் போர்ட்மன் அவர். அந்தமானியர்களைக் கவனிக்கும் அதிகாரியாக அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணிபுரிந்தார்.

போர்ட்மன் வருவதற்குள் கருவி மாறியிருந்தது. 1871-இல் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தட்டைப் பற்றி அறிவித்தார். சில ஆண்டுகளில் அத்தட்டுகள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தன. இருட்டறைக் கூடாரம் ஒழிந்தது. 1888-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் காமிராவோ, பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற நிலைக்கே கொண்டுவந்துவிட்டது. இனித் திறமை எதற்கு என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் செய்த கருவிகள் அந்தமானின் வானிலையை அறியமாட்டா. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஜெலட்டின் தட்டைக் கழுவுவதற்குச் சுமார் 18 பாகை சென்டிகிரேடு குளிர்ச்சியுள்ள நீர் உகந்தது. இங்கே கிணற்று நீரும் மழை நீரும் அதைவிட மிகச் சூடானவை. வெப்பம் மிகுந்தால் ஜெலட்டின் இளகி, சுருங்கி, கண்ணாடியை விட்டு உரிந்துபோகும். படிகாரக் கரைசலில் இட்டு அதை இறுகச் செய்வது வெப்ப நாட்டுப் படக்காரர்கள் கையாண்ட உபாயம். லென்ஸில் பூஞ்சை படரும். பித்தளைத் திருகுகளில் களிம்பு ஏறும். மரப்பெட்டி ஈரத்தில் ஊதிக்கொள்ளும். போர்ட்மன் தம் படங்களைப் பிளாட்டினத் தாளில் அச்சிட்டார். நெடுநாள் மங்காதிருப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அச்சிடுவதற்குமுன் சிறிதளவு ஈரம் பட்டாலும் அத்தாள் கெட்டுவிடும் என்பதால், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு இட்ட தகரக் குழலில் அடைத்தே அதை வைத்திருப்பார்கள். மழைக்காலத்துப் போர்ட் பிளேரில் அத்தகைய தாளைக் கையாண்டவருடைய பொறுமையை எளிதாக எண்ணக் கூடாது. நல்ல கருவி இருந்தது. அதைக் காப்பாற்றும் அறிவும் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அப்படங்கள் இன்று நமக்கு இரா.

1889-இல் போர்ட்மன், அந்தமானியர்களின் வாழ்க்கை முழுவதையும் படத்தில் பதிந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அளிக்க முன்வந்தார். மோல்ஸ்வொர்த் என்ற மருத்துவ அதிகாரி துணைசெய்ய, 1890-களில் பல தொகுதிகள் உருவாயின. அத்தொகுதிகளில் இரு வகைப் படங்கள் உண்டு. ஒருவகையில், இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த திரையின்முன் மனிதர்கள் ஆடையின்றி நிறுத்தப்பட்டார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. உடலின் அளவைக் கட்டங்களைக் கொண்டு எண்ணிவிடலாம் என்பது கருத்து. மற்ற வகையில், வில் செய்வது, வாய்ச்சி செய்வது போன்ற தொழில்கள் படிப்படியாகக் காட்டப்பட்டன. மரத்தை வெட்டுவது, செதுக்குவது, காட்டுப் பன்றியின் கோரைப்பல்லால் இழைப்பது, கயிறு சுற்றுவது என்று ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே.

1896-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் சஞ்சிகையில் அவர் படக்காரர்களுக்கு யோசனை கூறி ஒரு கட்டுரை எழுதினார். படம் தெளிவாக இருக்க வேண்டும், கலையழகின் பெயரால் மங்கலாக எடுக்கும் நாகரிகம் இவ்வேலைக்கு உதவாது என்று அதில் வற்புறுத்தினார். எதிரே இருப்பவரிடம் பொறுமை வேண்டும், அவசரமும் கோபமும் கூடாது, சரிவர அமராதவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அழைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனை. கருவியைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேசியது கவனிக்கத்தக்கது. லென்ஸின் நுட்பம் அறிந்தவருக்கும் கடைசியில் எதிரே நிற்பவரின் சம்மதமே பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பொறுமை எத்தகையது? அனுப்பிவிட்டு வேறொருவரை அழைக்கும் அதிகாரம் உள்ளவரின் பொறுமை அது. அழைக்கப்படுபவருக்கு அத்தகைய உரிமை இருந்ததா என்று கட்டுரை கேட்கவில்லை. 1880 ஜனவரியில் இதே போர்ட்மன், வட சென்டினல் தீவுக்குப் படையுடன் சென்று, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் நோயுற்றார்கள். முதியோர் இருவரும் இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1858-இல் பெரிய அந்தமானியர்களின் தொகை சுமார் 5,000 இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1877-இல் தட்டம்மை அவர்களிடையே பரவிற்று. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர்கள் 625 பேர். 1961-இல் 19 பேர். தாம் படமெடுக்கும் இனம் தம் கண்முன்னே அருகிவருகிறது என்பதைப் போர்ட்மன் நன்கு அறிந்தே இருந்தார். அந்த வேகமே அவருடைய உழைப்புக்குத் தூண்டுகோல் எனலாம்.

கட்டத் திரைப் படங்களையும் வாய்ச்சி செய்யும் படங்களையும் ஒப்பிட்டால், நம் கேள்வி புதிய உருவம் கொள்கிறது. காமிரா ஒன்று, எடுத்தவர் ஒருவர், தட்டு, தாள், ஒளி எல்லாம் ஒன்று. கட்டத் திரைப் படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அந்த அளவை ஆராய்ச்சியை இன்று எவரும் மதிப்பதில்லை. வாய்ச்சிப் படங்களோ இன்றும் பயன்படுகின்றன. மரத்தையும் இரும்பையும் ஒன்றாகப் பிணைக்கும் முறையை அவற்றைப் பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்ளலாம். முதல் வகையில் எதிரே நின்றவர் அளக்கப்படும் பொருள். இரண்டாவது வகையில் அவர் ஒரு தொழிலாளி, படக்காரர் அறியாததை அறிந்தவர். அந்தப் படங்களில் பாதித் திறமை காமிராவுக்கு முன்னால் அமர்ந்திருப்பவருடையது. கருவி பெரிதா, எடுப்பவர் பெரிதா என்று வாதாடும் இரு கட்சியாரும் இந்த மூன்றாமவரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1974-இல் மானிடவியல் அறிஞர்களும், காவலரும், "மேன் இன் சர்ச் ஆப் மேன்" என்ற செய்திப்படத்தை எடுத்த குழுவும் வட சென்டினல் கரையை அணுகினர். வண்ணப் புகைப்படத்தில் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜெய்ப்பூர்க்காரர் ரகுபீர் சிங்கும் உடன் சென்றார். கையடக்கக் காமிரா, வண்ணப் பிலிம், தூரத்தை அருகாக்கும் லென்ஸ் எல்லாம் வந்துவிட்டன. மாலிட் இவற்றைக் கனவிலும் கண்டிரார். கரையிலிருந்து வந்த அம்பு ஒன்று படத்தின் இயக்குநருடைய தொடையில் தைத்தது. தேங்காய்களும், பாத்திரங்களும், ஒரு பொம்மையும், உயிருள்ள பன்றி ஒன்றும் கரையில் விடப்பட்டன. பன்றியையும் பொம்மையையும் தீவினர் குத்தி மணலில் புதைத்துவிட்டனர். ரகுபீர் சிங் எடுத்த படங்கள் 1975 ஜூலையில் அமெரிக்கச் சஞ்சிகையான நேஷனல் ஜியாகிரபிக்கில் வெளிவந்தன. கலைஞரின் கையும் கருவியும் உச்சத்தில் இருந்தும், கிடைத்தது எதிர்ப்பின் படமே. அதுவே உண்மையான படம் என்றும் நான் கூறுவேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கிற்று. இரண்டு நாளில், தீவினர் பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று வட சென்டினலின்மீது பறந்தது. கீழே மணலில் ஒரு மனிதர் ஓடிவந்து வில்லை வளைத்து ஹெலிகாப்டரை நோக்கிக் குறிபார்க்கிறார். அப்படம் உலகெங்கும் பரவிற்று. அதன் கீழே கலைஞர் எவர் பெயரும் இல்லை; கடலோரக் காவற்படை என்றே அச்சிடுகிறார்கள். ஒளியமைப்பும் நயமும் பார்ப்பவர்கள் அதில் குறை காணக்கூடும். ஆனால் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்ற ஒரு செய்தியை அதைவிடத் தெளிவாக வேறெந்தப் படமும் சொல்லியிராது. இதில் கருவிக்கு முக்கால் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கருவி எளிதாகும்போது வேறொன்றும் நிகழ்கிறது. மாலிட்டின் கூடாரமும் போர்ட்மனின் முக்காலியும் எடுப்பவரை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தன. எதிரே நிற்பவரோடு ஏதேனும் ஓர் உடன்பாடு, அது நியாயமற்றதாக இருந்தபோதிலும், தேவைப்பட்டது. ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து நீட்டிய கைக்கு அதுவும் தேவையில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளின்முன் ஆடச் செய்த காட்சிப் படம் ஒன்றை லண்டன் பத்திரிகை வெளியிட்டது. அதை எடுக்க எவ்விதத் திறமையும் வேண்டியிருக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட பழங்குடியினருக்கென 1956-இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதி அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டு, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் அவர்களைப் படமெடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கடுமையாக்கப்பட்டது.

டெலானிபூரிலிருந்து வடக்கே செல்லும் பஸ்கள் இன்றும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நின்று, வரிசை கூடும்வரை காத்திருந்து, காவலுடனேயே ஜாரவாக் காட்டுக்குள் நுழைகின்றன. வண்டி கிளம்புமுன் காமிராவையும் கைபேசியையும் உள்ளே வைக்கும்படி சொல்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய்க் காமிரா வைத்திருப்பவரும், பழைய கைபேசி வைத்திருப்பவரும், படமெடுப்பதில் தேர்ந்தவரும், தேராதவரும் ஒருங்கே பையை மூடிக்கொள்கிறார்கள்.